டன்சினன் தோட்டத்து வாய்களும் ஊர் மாறும் ஜீன்களும்

எங்கள் கூட்டத்துல ஒருத்தி பல் வைத்தியம் படிக்கிறா. போன லீவுக்கு லிந்துலைக்கு வந்தப்போ பாடப்புத்தகத்துல ஒரு பக்கத்தைத் திறந்து, "இத வாசிச்சுப் பாருங்க, இது நம்ம ஆளுங்க" என்று நீட்டினா. ஆட்களின் படமோ பேரோ அதுல இல்லை. மூன்று கோடுகள் சரிந்து இறங்குற ஒரு வரைபு, அதுக்குக் கீழே இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் என்று ஒரு வரி. அவ்வளவுதான். உலகத்துல பல் வைத்தியம் படிக்கிறவர்கள் எங்கேயோ ஓரிடத்துல இந்த வரைபைக் கடந்துதான் போகிறார்கள். நாங்கள் அதுக்குப் பக்கத்துல பிறந்து வளர்ந்தும் கேள்விப்பட்டதில்லை.

லிந்துலையிலிருந்து தலவாக்கலைக்கு இறங்கி பூண்டுலோயா பஸ் ஏறினால் போதும். டன்சினன், ஹெரோ என்ற இரண்டு தோட்டங்கள். டன்சினன் என்பது 'மெக்பெத்' நாடகத்துல வருகிற மலைக்கோட்டையின் பேர்; எந்தத் துரைக்கு ஸ்கொட்லாந்து ஞாபகம் வந்ததோ! 1970இல் இந்த இரண்டு தோட்டங்களிலும் 14 வயதிலிருந்து 31 வயது வரையான 480 ஆண் தொழிலாளர்களை உட்கார வைத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். நோர்வேயைச் சேர்ந்த பேராசிரியர் ஹெரால்ட் லோவும் அவருடைய ஆட்களும்.

லோ அதற்கு முன்பே பேர் பெற்றவர். 1965இல் டென்மார்க்கின் ஓஹூஸ் நகரத்துல 12 பேரைப் பல் விளக்க வேண்டாம் என்று நிறுத்தி வைத்தார். பெரும்பாலும் பல் வைத்திய மாணவர்கள். பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள்ள எல்லாருக்கும் முரசு வீங்கியது. (இந்தியாவில் ஈறு என்பார்கள்; எங்களுக்கு முரசு.) திரும்பப் பிரஷ்ஷைக் கையில் எடுத்ததும் ஒரு வாரத்தில் சரியானது. பல்லில் படிகிற வெள்ளைப் படலம்தான், அதாவது அதுல குடியிருக்கிற பக்டீரியாதான், முரசு வீக்கத்துக்குக் காரணம் என்பது இப்படித்தான் உறுதியானது.

அடுத்த கேள்வி, விளக்காமலே விட்டால் இருபது முப்பது வருஷத்தில் என்ன ஆகும் என்பது. டென்மார்க் மாணவர்களை அப்படி விட முடியாதே. அதனால் வைத்தியம் பார்க்கிறவர்களும், பல் பராமரிப்பைச் சொல்லிக் கொடுக்கிறவர்களும் எட்டிப் பார்க்காத ஒரு சனத்தைத் தேடினார்கள். ஒரு பக்கம் ஒஸ்லோவில் படித்த வர்க்கத்து ஆண்கள் 565 பேர், மறுபக்கம் எங்கள் 480 பேர். பல்லைத் தாடையோடு பிடித்து வைத்திருக்கிற நார்ப்பிடிப்பு எத்தனை மில்லிமீற்றர் இறங்கியிருக்கு என்று மெல்லிய கம்பியால் அளப்பார்கள். 40 வயதை நெருங்குகிற நோர்வேக்காரருக்குச் சராசரி 1.5 மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் மேல். எங்கள் ஆளுக்கு 4.5.

1970, 1971, 1973, 1977, 1982, 1985 என்று ஆறு தடவை வந்து பார்த்தார்கள். 1986இல் வெளிவந்த கட்டுரைதான் அந்த மூன்று கோடுகளின் பிறப்பிடம். அதன் தலைப்பு தமிழில் 'மனிதரில் முரசு நோயின் இயற்கை வரலாறு' என்று வரும். இந்த 'இயற்கை' என்ற சொல்தான் எங்களைத் தூங்க விடவில்லை.

ஏனென்றால் 1970இல் 480 பேர், 1985இல் மிஞ்சியவர்கள் 161. ஆய்வு அட்டவணைக்கு அது வெறும் கழித்தல் கணக்கு. அந்தப் பதினைந்து வருஷம் என்ன வருஷம் என்று எங்கள் வீடுகளில் கேட்டால் தெரியும். 1948 சட்டம் எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. விட்டுப்போன 150,000 பேரை 1974இல் பாதிப் பாதியாக வெட்டினார்கள். 1973, 74இல் தோட்டங்களில் பட்டினிச் சாவு. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமை. 1977, 1983 கலவரங்கள். தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தலைமன்னாருக்கு ரயில் ஏறிய சனத்துக்கு நடுவிலதான் இந்த அளவுகோல் கம்பி வந்து வந்து போனது. 1982இல் வாயைத் திறந்து காட்ட ஆள் இல்லையென்றால், அவர் அப்போது கோத்தகிரியிலோ கூடலூரிலோ இருந்திருக்கலாம். ஒரு சனத்தின் குடியுரிமை வரலாறு பல் அட்டவணையின் காலியிடங்களில் கிடக்கிறது. அதை இயற்கை என்று எழுத எப்படி மனசு வந்தது?

இன்னொன்று. வழக்கமான வாய்ச் சுத்தம் எதையும் இவர்கள் செய்யவில்லை என்று கட்டுரை சொல்கிறது. லயத்துக் காம்பராவில் வளர்ந்த யாரும் இதை வாசித்தால் முதலில் சிரிப்பார்கள். அடுப்புக்கரியும் சாம்பலும் ஆட்காட்டி விரலும் என்னத்துக்கு இருந்தது? ஆனால் விரல் பல்லின் முன்பக்கத்தைப் பளபளப்பாக்குமே தவிர, பல்லுக்கும் பல்லுக்கும் இடையில் போகாது. நோய் தொடங்குகிற இடம் அதுதான். ஆகவே தாத்தாமார் விளக்கினார்கள் என்பதும் உண்மை, அளவுகோல் கண்டதும் உண்மை. பெண்கள் ஒருவரும் இந்த ஆய்வில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தேயிலைத் தோட்டத்தை ஆராய்ந்து, கொழுந்து பறிக்கிறவர்களை விட்டுவிட்ட ஆய்வு.

சரி, அந்த மூன்று கோடுகள் என்ன சொல்கின்றன? எல்லார் வாயிலும் ஒரே மாதிரிப் படலம், ஒரே மாதிரிக் காறை, வெத்திலைக் கறை. எல்லாருக்கும் முரசு வீக்கம். சூத்தைப் பல் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஆனால் சுமார் 8 சதவீதம் பேருக்கு நோய் பாய்ந்து ஓடியது: 35 வயதில் 12 பல் போச்சு, 40 வயதில் 20, 45 வயதில் வாய் வெறுமை. சுமார் 81 சதவீதம் பேருக்கு மெதுவாக நகர்ந்தது, 45 வயதில் ஏழு பல் இழப்பு. மிச்சம் 11 சதவீதம் பேருக்கு வீக்கத்தோடு நின்றுவிட்டது. ஒரே லயம், ஒரே பீலித் தண்ணி, ஒரே வெத்திலை. ஒருத்தருக்கு எல்லாப் பல்லும் கொட்டுது, பக்கத்துக் காம்பராக்காரர் கொட்டைப்பாக்கைக் கடிச்சுத் துப்புறார்.

அளவு மட்டும்தான் காரணம் என்றால் இப்படி நடக்கக் கூடாது. எவ்வளவு அழுக்கு என்பதோடு, அழுக்குக்குள் யார் இருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும் என்று 1976இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் வோல்ட்டர் லோஷ் வாதிட்டார். அதுக்குப் பிறகு குற்றவாளிப் பட்டியல்கள் வந்தன. போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ், அக்ரிகட்டிபக்டர் மாதிரி வாயில் நுழையாத பேர்கள், ஆனால் வாயிலேயே இருக்கிறவை. எங்கள் தொழிலாளர்களின் வாயிலும் இந்தப் பேர்களைத் தேடி, நோயின் கடுமையோடு ஒப்பிட்டு 1995இல் ஒரு கட்டுரை வந்தது.

பேரைத் தேடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பக்டீரியாவில் பேர் ஒன்றாக இருந்தாலும் சரக்கு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எங்களுக்கு ஜீன் என்பது அப்பா அம்மாவிடமிருந்து வருவது. பக்டீரியா பக்கத்தில் இருக்கிறவரிடமும் வாங்கும். அந்தப் பக்கத்து ஆள் வேறு இனமாக இருந்தாலும் பரவாயில்லை. லயத்துல உப்பு முடிஞ்சா என்ன செய்வோம்? சுவருக்கு அந்தப் பக்கம் குரல் கொடுப்போம். பல் படலமும் லயம் மாதிரித்தான். நூற்றுக்கணக்கான இனங்கள் சுவரோடு சுவர் ஒட்டி, நகர இடமில்லாமல், தலைமுறை தலைமுறையாக. கைமாற்றுக்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது.

இந்தக் கைமாற்று வெளிச்சத்துக்கு வந்ததும் மனுஷ வாய், தொண்டைப் பக்கத்துக் கிருமி ஒன்றிலிருந்துதான். 1928இல் லண்டனில் பிரெட்ரிக் கிரிஃபித், நிமோனியாக் கிருமியில் கொல்லும் வகையைச் சூட்டில் சாகடித்து, கொல்லாத வகையோடு கலந்து எலிக்கு ஊசி போட்டார். எலி செத்தது. செத்தவனிடமிருந்து உயிரோடு இருந்தவன் எதையோ எடுத்துக்கொண்டான். அது டி.என்.ஏ. என்று 1944இல் ஏவ்ரியும் கூட்டாளிகளும் காட்டினார்கள். பிறகு ஜப்பானில், வயிற்றோட்டக் கிருமிகள் பல மருந்துகளை ஒரே நேரத்தில் தாங்குகிற வித்தையை ஒன்றுக்கொன்று கடத்துவதை 1959இல் கண்டார்கள். பிளாஸ்மிட் என்கிற சின்ன டி.என்.ஏ. வளையம் செல் விட்டுச் செல் தாவியது.

எங்கள் கதைக்கு வேண்டியது 1981. மிச்சிகனில் ஃபிராங்க், டொன் கிளுவெல் இருவரும் குடல்வாசியான ஒரு பக்டீரியாவில் வினோதமான ஒரு ஜீன் துண்டைக் கண்டார்கள். வளையமாகத் தனியே திரியாமல் கிருமியின் பிரதான டி.என்.ஏ.வுக்குள்ளேயே ஒட்டிக் கிடந்தது. வேளை வந்ததும் தன்னைத் தானே வெட்டிக்கொண்டு வெளியே வந்து, வட்டமாகச் சுருண்டு, இரண்டு செல்லும் தொட்டுக்கொள்ளும்போது மறுபக்கம் போய், அங்கேயும் உள்ளே ஒட்டிக்கொண்டது. 18,000 எழுத்துக்குக் கொஞ்சம் அதிகமான நீளம். டிஎன்916 என்று பேர் வைத்தார்கள். டெட்ராசைக்கிளின் மருந்தைத் தாங்குகிற ஜீன் அதன் சரக்கு. இது வாய் ஸ்ட்ரெப்டோகொக்கஸ்களில் பரவலாக இருக்கிற குடும்பம் என்பது பின்னால் தெரிந்தது. கிளுவெல் வேலை செய்தது பல் வைத்தியப் பீடத்தோடு சேர்ந்த ஆய்வுகூடத்தில். ஹெரால்ட் லோ 1972இல் இயக்குநராகப் போனதும் அதே மிச்சிகனின் பல் ஆராய்ச்சி நிறுவனத்துக்குத்தான். டன்சினன் வரைபும் டிஎன்916உம் ஒரே வளவுக்குள் நடமாடியிருக்கின்றன. இதைக் கண்டுபிடித்த அன்று எங்கள் வட்ஸ்அப் குழு ராத்திரி இரண்டு மணி வரை அடங்கவில்லை.

மருந்தைத் தாங்குவது மட்டுமா கைமாறுகிறது? அக்ரிகட்டிபக்டர் பல்லில் பசை மாதிரி ஒட்டிக்கொள்ள 14 ஜீன்கள் சேர்ந்த ஒரு தொகுதி வேண்டும். அந்தத் தொகுதி உறவே இல்லாத பல கிருமிகளிலும் இருக்கிறது, பரம்பரை வழியில் அல்லாமல் குறுக்கு வழியில் ஊர் ஊராகப் போயிருக்கிறது என்று 2003இல் ஒரு கட்டுரை காட்டியது. போர்ஃபிரோமோனாஸின் ஒரு வகையின் முழு ஜீன் வரிசை 2003இல் வந்தது, இன்னொரு வகையினது 2008இல். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பேர் ஒன்றுதான், வரிசை அங்கங்கே தலைகீழாகவும் இடம் மாறியும் கிடக்கிறது. உள்ளுக்குள்ளே தாவித் திரிகிற துண்டுகளுக்கு அதில் பெரிய பங்கு. எலியில் முதல் வகை கொடியது, இரண்டாவது சாது. அப்படியானால் "இந்தக் கிருமி இருக்கு" என்று எழுதினால் அது பாதிச் சங்கதிதான்.

உடனே, பல் கொட்டிய 8 சதவீதம் பேரின் வாயில் தாவுகிற ஜீன் போக்கிரிகள் இருந்தன, அதுதான் காரணம் என்று முடித்துவிடாதீங்க. எங்களுக்கும் அந்த ஆசை வந்தது. ஆளுடைய உடம்பு கிருமியோடு எப்படிச் சண்டை போடுகிறது என்பது பெரிய காரணம். அந்த மூன்று கோட்டையும் ஒற்றைக் காரணத்தில் தொங்கவிட நாங்கள் தயாரில்லை. ஆனால் கிருமியைப் பேர் சொல்லி மட்டும் எண்ணினால், ஆட்களை எண்ணிக்கையாக மட்டும் எழுதிய அதே தப்பு அங்கேயும் நடக்கும். கிருமிக்கும் போன இடம், வந்த இடம் இருக்கிறது.

டெட்ராசைக்கிளினை எடுத்துக்கொள்ளுங்க. அந்தக் குடும்பத்தின் முதல் மருந்து ஓரியோமைசின், 1948இல் அமெரிக்காவில் லெடர்லி கம்பனியில் வந்தது. மண்ணிலிருந்து அதைப் பிடித்தவர் பெஞ்சமின் டகர். ஆராய்ச்சிப் பிரிவின் தலைவராக இருந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமாவரத்துல பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அவர் செத்ததும் அதே 1948. எங்கள் ஆட்களின் குடியுரிமை போனதும் அதே 1948. மருந்துக் குடும்பம் மலிவாகி, உலகத்தின் ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் போனது. முரசு நோய்க்கும் பல் வைத்தியர்கள் அதைப் பயன்படுத்தினார்கள்.

லண்டனில் மூன்று மாதமாக அன்டிபயோட்டிக் தொடாத, சுகதேகிகளான 20 பேரின் வாயைப் பார்த்தார்கள், 2003இல் வெளிவந்தது. 20 பேரிடமும் டெட்ராசைக்கிளினுக்கு அசையாத பக்டீரியா இருந்தது. அதில் அதிகம் அகப்பட்டது டிஎன்916 சுமக்கிற அதே ஜீன். மருந்து நின்ற பிறகும் சரக்கு வீட்டை விட்டுப் போவதில்லை. இன்னொரு சங்கதி: கொல்லப் போதாத அளவு டெட்ராசைக்கிளின் பட்டால், டிஎன்916 தாவுவது கூடுகிறது. அரைகுறை மருந்து, கைமாற்றுக்குத் தள்ளிவிடுகிற மாதிரி.

இதை எழுதும்போது எங்களுக்கே கூச்சமாக இருக்கிறது. ரெண்டு கலர் கெப்சூலை மூன்று நாள் போட்டுச் சுகமானதும் மிச்சத்தை மாடத்துல வைப்பதும், அடுத்த மாசம் பக்கத்து வீட்டு மாமாவுக்குப் பல்லு வலி என்றதும் அதுல நாலை எடுத்துக் கொடுப்பதும் எங்கள் லயங்களில் அன்பின் அடையாளம். எந்த மருந்து, எதுக்கு என்று யாரும் கேட்டதில்லை. நாங்களும் கொடுத்திருக்கிறோம். ஒரு நாள் கூலியை விட்டு டவுனுக்குப் போய்ப் பல் காட்டுவதை விட நாலு கெப்சூல் லேசு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஜீனை உண்டாக்கியது மருந்து அல்ல, அதுவும் தெளிவாக இருக்கட்டும். ஜேர்மனியில் சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முந்திய எலும்புக்கூடுகளின் பற்காறையைச் சுரண்டி 2014இல் ஆராய்ந்தார்கள். அன்டிபயோட்டிக்கைத் தாங்குகிற ஜீன்களின் மூத்த உறவுகள் அதிலேயே கிடந்தன. மருந்து செய்தது, அரிதாக இருந்த சரக்குக்குச் சந்தையைத் திறந்து விட்டது.

ஆய்வாளர்களைப் பற்றி எங்களுக்குள் ஒரு முடிவு வரவில்லை. சிலர் கடும் கோபத்தில் இருக்கிறார்கள்: பதினைந்து வருஷம் பல் விழுவதை எண்ணிக்கொண்டிருந்தார்களே. வைத்தியம் கிடைக்காததுதான் அந்த ஆய்வின் பெறுமதியே. கண்டிக்குப் பக்கத்தில் பேராதனையில் பல் வைத்தியப் பீடம் அப்போதும் இருந்தது. மற்றவர்கள் சொல்வது: அந்த நிலையை உண்டாக்கியது லோ அல்ல. நூறு வருஷத்துக்கு மேலாகத் தோட்டமும் அரசும் சேர்ந்து உண்டாக்கி வைத்ததை அவர் வந்து அளந்தார். அவர் அளக்காவிட்டால் அந்தப் பற்கள் எண்ணப்படாமலே விழுந்திருக்கும். இரண்டு கட்சியும் ஒத்துக்கொண்டது ஒன்றில்: தலைப்பில் 'இயற்கை' இருக்கக் கூடாது. லயமும் சம்பளமும் குடியுரிமையும் வெத்திலையும், பூமி பூராவும் மருந்தோடு சுற்றிய ஜீன் துண்டுகளும் சேர்ந்த ஒரு வாயில் இயற்கை எது?

2010இல் மறுபடி தேடிப் போனார்கள். சுவிட்சர்லாந்தின் பேர்ன் பல்கலைக்கழகத்து ஆட்கள் முன்னின்று எழுதிய அந்தக் கட்டுரை 2017இல் வந்தது. 480இல் 75 பேர் கிடைத்தார்கள். நாற்பது வருஷத்தில் முரசு நோயால் போன பல் சராசரி 13. புகையும் காறையும் நோயைத் தொடக்கி வைப்பதோடு சேர்ந்தே வந்தன. 12 பேருக்கு வாயில் ஒரு பல்லும் இல்லை. நாலு பேருக்கு முரசு நோயால் ஒரு பல்லும் போகவில்லை.

அந்த நாலு பேரில் யாராவது இருந்தால் இப்போது எழுபதுக்குப் பக்கமோ மேலோ இருக்கும். அடுத்த லீவுக்கு டன்சினன் போவதாக இருக்கிறோம். யார் அந்த நாலு பேர் என்று தேட அல்ல. 1970இல் வெள்ளைக்காரர் வந்து வாயைத் திறக்கச் சொன்னது யாருக்காவது ஞாபகம் இருக்கா, என்ன சொல்லித் திறக்கச் சொன்னார்கள் என்று கேட்க. கையில் என்ன வாங்கிக்கொண்டு போவது என்பதில் இன்னும் சண்டை. எங்கள் பல் வைத்தியக்காரி பிரஷ் என்கிறா. மற்றவர்கள் எல்லாம் வெத்திலை.